சிறுநீர்க் கசிவு: வெளியே சொல்லப்படாத ஒரு வரலாறு



சற்று நீளமான பதிவு இது. ஆற அமர உட்கார்ந்து படியுங்கள். கூச்சமாக இருந்தால் தனியாகப் படியுங்கள், ஆனால் படித்துவிடுங்கள்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் வரலாறு படித்தவர்களில் பலர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் அம்மாக்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வகுப்பில் பானிபட் போர் நடத்தினோம், பிரெஞ்சுப் புரட்சி நடத்தினோம். மனித உடம்பின் ஒரு சாதாரணத் தொல்லைக்கு மருத்துவம் எப்படி வந்தது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் இடமே இருந்ததில்லை. இந்த வயதில் உங்களுக்கு அதுதான் அதிகம் உதவும் என்று தோன்றுகிறது.

எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போகலாம் என்றால் ஒரு பெரியம்மா மட்டும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முட்டி வலி" என்பார். முட்டி வலி பாதி நிஜம். நாலு மணி நேரப் பயணத்தில் வண்டியை எங்கே நிறுத்தச் சொல்வது, யாரிடம் சொல்வது என்ற பயம் மீதி. இன்னொருவர் கோயிலுக்குப் போவதையே விட்டிருப்பார். இருமினால் புடவை நனைகிறது, அந்த ஈரத்தோடு சன்னதியில் எப்படி நிற்பது என்ற கலக்கம். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அந்த நிலைமை. ஆண்களும் இதற்கு விலக்கில்லை. புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கிங் போவதை நிறுத்தியவர்கள் நம் உறவிலேயே இருப்பார்கள்.

வரலாற்றுக்குப் போகுமுன் ஒரு சின்ன விளக்கம். இந்தத் தொல்லையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, குடத்தைத் தூக்கும்போது சொட்டுவது ஒரு வகை. வயிற்றின் அழுத்தம் கூடும்போது, சிறுநீர்க் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியாததால் வருவது. இன்னொன்று அவசர வகை. திடீரென்று முட்டிக்கொண்டு வரும், கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விடும். சிறுநீர்ப்பையின் தசை, பை நிறைவதற்கு முன்பே தானாகச் சுருங்குவதால் வருவது. இரண்டும் கலந்தே பலருக்கு இருக்கும். எந்த வகை என்று தெரிந்தால்தான் சிகிச்சை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளவே மருத்துவ உலகத்துக்கு வெகு காலம் பிடித்தது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

எகிப்தில் டெய்ர் எல்-பஹ்ரி என்ற இடத்தில் ஹென்ஹெனிட் என்ற அரசகுலப் பெண்ணின் பதப்படுத்தப்பட்ட உடல் கிடைத்தது. கி.மு. 2050 வாக்கில் வாழ்ந்தவள். துட்டன்காமுனின் உடலை ஆராய்ந்த அதே டக்ளஸ் டெர்ரி இவளது உடலையும் ஆராய்ந்து 1935-ல் எழுதினார். அவள் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஒரு கிழிசல் இருந்தது. இடுப்பெலும்பு குறுகலானது. கடினமான பிரசவத்தில் ஏற்பட்ட காயம். இப்படிப்பட்ட ஓட்டையை மருத்துவர்கள் ஃபிஸ்டுலா என்பார்கள். அது இருந்தால் சிறுநீர் இரவும் பகலும் நிற்காமல் வழியும். அரண்மனையில் இருந்தும் அவளுக்கு ஒரு வழியும் இல்லை.

அடுத்த நாலாயிரம் ஆண்டு வரைக்கும் இதற்கு நம்பகமான சிகிச்சை ஏதும் வரவில்லை. வந்த கதை கேட்கச் சகிக்காத கதை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் மாண்ட்கோமரி என்ற ஊர். 1845 முதல் 1849 வரை அங்கே ஜே. மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இந்த ஓட்டையைத் தைத்து மூட முயன்றார். அவர் யார்மீது முயன்றார் என்பதைக் கவனியுங்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள்மீது. அவர்களில் அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கவில்லை. 1846-ல் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டிய பிறகும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அனார்ச்சாவுக்கு மட்டும் 30 முறை அறுவை சிகிச்சை நடந்தது. கடைசியில் வெள்ளிக் கம்பியால் தைத்தபோது காயம் ஆறியது. சம்மதம் என்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. "முடியாது" என்று சொல்லும் உரிமையே அவர்களுக்கு இல்லாதபோது சம்மதத்துக்கு ஏது பொருள்?

சிம்ஸ் பிறகு நியூயார்க் போய்ப் பெரும் புகழ் பெற்றார். அவருக்குச் சிலை வைத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அந்தச் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது. 2021-ல் மாண்ட்கோமரியில் அனார்ச்சா, பெட்சி, லூசி மூவருக்கும் பெரிய உலோகச் சிலைகள் எழுப்பப்பட்டன. 170 ஆண்டு கழித்தாவது அந்த மூன்று பெயர்களும் வெளியே வந்தன.

இதே ஓட்டைக்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1959-ல் ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதி எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்கு வேலைக்குப் போனார்கள். பிரசவத்தில் நாள்கணக்கில் தவித்துக் குழந்தையையும் இழந்து, சிறுநீர் வழிவதால் கணவனாலும் ஊராலும் ஒதுக்கப்பட்ட இளம்பெண்கள் அவர்களைத் தேடி நடந்தே வந்தார்கள். 1974-ல் அவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை இருவரும் தொடங்கினார்கள். 60,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற எழுதப் படிக்கத் தெரியாத பெண், அங்கேயே தங்கி, பார்த்துப் பார்த்துக் கற்று, பிற மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு அறுவை சிகிச்சை வல்லுநர் ஆனார். கேத்தரின் 2020 மார்ச்சில் 96 வயதில் காலமானார். கடைசிவரை அந்த வளாகத்தில்தான் வாழ்ந்தார்.

நம் ஊரில் பிரசவம் மருத்துவமனைக்கு வந்துவிட்டதால் இந்த ஓட்டை இப்போது அரிது. ஓட்டை இல்லாமலே கசிவது எப்படி? அங்கேதான் அடுத்த அத்தியாயம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி கத்தி. 1914-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹோவர்ட் கெல்லி, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியை இறுக்கித் தைக்கும் முறையை வெளியிட்டார். 1949-ல் நியூயார்க்கில் மார்ஷல், மார்கெட்டி, கிரான்ட்ஸ் மூவரும் வயிற்றைத் திறந்து அந்தப் பகுதியை முன்னெலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். 1961-ல் ஜான் பர்ச் இன்னும் உறுதியான ஓர் இடத்தில் தையலைப் போட்டார். பர்ச்சின் முறை இன்றைக்கும் செய்யப்படுகிறது. ஆனால் எல்லாமே பெரிய அறுவை சிகிச்சைகள். "தும்மினால் கொஞ்சம் சொட்டுகிறது" என்பவருக்கு வயிற்றைத் திறப்பதா?

கத்தி வேண்டாம், பயிற்சி போதும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் நடனக்காரர் என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கரெட் மோரிஸ் நடனக் கலைஞர். பிறகு முறைப்படி பிசியோதெரபியும் படித்தவர். பிரசவத்துக்குப் பிறகும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் செய்யவேண்டிய பயிற்சிகளைப் பற்றி 1936-ல் எழுதினார். இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில்போல் கிடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அதில் ஒன்று. மருத்துவ உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு லாஸ் ஏஞ்சலஸில் அர்னால்ட் கேகல் என்ற மகளிர் மருத்துவர் வந்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கே மறுபடியும் கசிவதைப் பார்த்து யோசித்தார். கைகால் தசை தளர்ந்தால் பயிற்சி கொடுக்கிறோம், இந்தத் தசைக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை? "அந்தத் தசையை இறுக்குங்கள்" என்று சொன்னால் பல பெண்களுக்கு எந்தத் தசை என்றே தெரியவில்லை. வயிற்றை எக்கினார்கள், தொடையை இறுக்கினார்கள். அதற்காக அவர் ஒரு கருவி செய்தார். காற்று நிரம்பிய ஒரு ரப்பர்ப் பகுதி, அதோடு இணைந்த ஓர் அழுத்தமானி. சரியான தசையை இறுக்கினால் முள் நகரும். தன் முயற்சியின் பலனைப் பெண் தன் கண்ணாலேயே பார்க்கலாம். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம் செய்யச் சொன்னார். 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். அதனால்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் இதற்குக் "கேகல் பயிற்சி" என்று பெயர். மார்கரெட் மோரிஸின் பெயர் பலருக்குத் தெரியாது.

ஆசிரியராக எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த முள்தான். "செய்" என்று சொல்வது பாடம் ஆகாது. சரியாகச் செய்கிறோமா என்று மாணவருக்குத் தெரியவேண்டும். கேகலின் பெயர் பரவிய வேகத்தில் அந்தக் கருவி பரவவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் "இறுக்கு, விடு" என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று ஆகிவிட்டது. பலர் தப்பான தசையை இறுக்கிவிட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிட்டார்கள். இன்று இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதல், இருமல் வகைக் கசிவுக்கு முதல் சிகிச்சையாக இதைத்தான் சொல்கிறது. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில், குறைந்தது 3 மாதம், நாளுக்கு 3 முறை, முறைக்கு குறைந்தது 8 தடவை. மேற்பார்வை என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இனி அவசர வகை. இதில் பையைத் தைத்தும் இறுக்கியும் பயனில்லை, பையின் தசைதான் அவசரப்படுகிறது. 1966-ல் லிவர்பூல் பேராசிரியர் ஜெஃப்கோட், தம் சகாவான ஃபிரான்சிஸுடன் சேர்ந்து, பைக்கே பயிற்சி கொடுக்கும் முறையை எழுதினார். உந்துதல் வந்தவுடன் ஓடாமல், கடிகாரம் பார்த்துப் போவது. முதலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியை நீட்டுவது. சின்னக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குப் பழக்குவதுபோலத்தான். "எதற்கும் இருக்கட்டும்" என்று வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் போய்ப் போய், பையை நாமே கொஞ்சத்திலேயே முட்டப் பழக்கிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போடுவதுதான் இது.

அடுத்து மாத்திரைக் காலம். தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு அனுப்பும் ரசாயனத் தூதுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். அதைத் தடுத்தால் பை அமைதியாகும். இந்த வழியில் ஆக்ஸிபியூட்டினின் 1975-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, டோல்டெரோடின் 1998-ல். பிறகு சோலிஃபெனாசின் போன்றவை வந்தன. பலன் உண்டு. ஆனால் அந்தத் தூது உடம்பில் வேறு இடங்களிலும் வேலை செய்கிறதே! வாய் வறளும், மலச்சிக்கல் வரும், பார்வை மங்கும். வாய் வறண்டவர் கூடக் கொஞ்சம் தண்ணீர் குடிப்பார், பிறகு மறுபடி கழிவறைக்குப் போவார். பலர் சில மாதங்களிலேயே மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணம்.

1998-ல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் பர்ஜியோவும் குழுவினரும் 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை, ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எட்டு வாரம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். பயிற்சிப் பிரிவில் கசிவு 81 சதவீதம் குறைந்தது. மருந்துப் பிரிவில் 69 சதவீதம். வெறும் மாத்திரையில் 39 சதவீதம். 92 வயதுப் பாட்டிகூடக் கற்றுக்கொள்ளலாம் என்று காட்டிய ஆய்வு இது.

அவர்கள் கற்றுக்கொடுத்த உத்தி எளிது. உந்துதல் வந்தவுடன் ஓடாதீர்கள். ஓடினால் வயிறு குலுங்கும், பதற்றம் கூடும், கதவருகில் போகும்போது கொட்டிவிடும். நின்ற இடத்தில் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். அந்த இடுப்புத் தசையைச் சில முறை இறுக்குங்கள். உந்துதல் ஓர் அலை, எழும்பி இறங்கும். இறங்கியபின் சாதாரணமாக நடந்து போங்கள்.

2002-ல் சர்வதேச அமைப்பு ஒன்று இந்த அவசர வகைக்கு "மிகைச் செயல்பாட்டுச் சிறுநீர்ப்பை" என்ற பொருளில் முறையான வரையறை கொடுத்தது. அடக்க முடியாத அவசரம், அடிக்கடி போவது, இரவில் எழுந்து போவது, சிலருக்குக் கசிவு என எல்லாம் ஒரே பெயரின் கீழ் வந்தன. மருந்து விற்க வசதியாக வைத்த பெயர் என்று விமர்சித்தவர்களும் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் மருத்துவரிடம் போய்ச் சொல்ல மக்களுக்கு ஒரு சொல் கிடைத்தது. பெயரில்லாத தொல்லையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மாத்திரை விஷயத்தில் இன்னும் ஒன்று. 2015-ல் சியாட்டில் நகரில் 65 வயதைக் கடந்த 3434 பேரைப் பல ஆண்டு கவனித்த ஆய்வு வெளிவந்தது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை அதிக அளவில் நெடுநாள் எடுத்தவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வந்திருந்தது. மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் முதியவர்களுக்கு எழுதும்போது மருத்துவர்கள் இப்போது யோசிக்கிறார்கள். வேறு வழியில் பையைத் தளர்த்தும் மிராபெக்ரான் 2011-ல் ஜப்பானிலும் 2012-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இதில் வாய் அவ்வளவு வறளாது, ஆனால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளவேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தவேண்டாம். மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது இந்த வரலாற்றின் கசப்பான அத்தியாயம். ஸ்வீடனில் உப்சாலா நகரத்து உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் இருமல் வகைக் கசிவைப் புது விதமாகப் பார்த்தார்கள். சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்குக் கீழே பாலிப்ரோப்பிலீன் வலையால் ஆன மெல்லிய நாடா ஒன்றை ஊஞ்சல்போல் வைத்தால் போதும் என்றார்கள். 1996-ல் உல்ம்ஸ்டன் இதை வெளியிட்டார். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, அரை மணி நேர வேலை. நோயாளியை இருமச் சொல்லி நாடாவைச் சரிசெய்வார்கள். வயிற்றைத் திறக்கும் காலம் போய், அன்றே வீட்டுக்குப் போகும் காலம் வந்தது. லட்சக்கணக்கான பெண்களுக்கு இது உண்மையாகவே நல்வாழ்வு கொடுத்தது.

வெற்றி கண்டதும் வலையைப் பல வடிவங்களில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கர்ப்பப்பை இறக்கத்துக்கும் பெரிய வலைத் துண்டுகளைப் பிறப்புறுப்பு வழியாக வைத்தார்கள். போதிய சோதனை இல்லாமலே பல பொருள்கள் அனுமதி பெற்றன. சில பெண்களுக்கு வலை தசையை அறுத்து வெளியே வந்தது. நடக்க முடியாத வலி, தாம்பத்தியம் முறிந்த துயரம். மருத்துவரிடம் போனால், "வலை சரியாகத்தான் இருக்கிறது, வயசானால் இப்படித்தான்" என்ற தோரணையில் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஸ்காட்லாந்தில் பாதிக்கப்பட்டவர்கள் நாடாளுமன்றத்தில் மனு கொடுத்தார்கள். இங்கிலாந்தில் கேத் சான்சம் என்ற பத்திரிகையாளர் தமக்கே நேர்ந்ததை வைத்து 2015-ல் இயக்கம் தொடங்கினார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2019 ஏப்ரலில் கர்ப்பப்பை இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையை நிறுத்தியது. இங்கிலாந்து 2018 ஜூலையில் கசிவுக்கான நாடாவையும் நிறுத்திவைத்தது. 2020-ல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணைக் குழு, பெண்கள் சொன்னதை மருத்துவத் துறை காது கொடுத்துக் கேட்கவில்லை என்று வெளிப்படையாகவே அறிக்கை கொடுத்தது.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கசிவுக்கான சிறிய நாடாவும் இறக்கத்துக்கான பெரிய வலையும் ஒன்றல்ல. சிறிய நாடா பல நாடுகளில் இன்றும் பயன்படுகிறது, பலருக்கு நன்றாகவே இருக்கிறது. யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால் பயந்து ஓடவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். வைப்பது வலையா, என் சொந்தத் தசைநாரா? பிரச்சினை வந்தால் எடுக்க முடியுமா? பயிற்சியை முழுதாக முயன்று பார்த்தோமா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பயிற்சிக்கும் மாத்திரைக்கும் அடங்காத அவசர வகைக்கு இன்னும் வழிகள் உண்டு. 1820-களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன இறைச்சித் தின்பண்டத்தால் மக்கள் தசை செயலிழந்து இறப்பதை விவரித்தார். போட்டுலினம் என்ற அந்த நஞ்சை நுண்ணளவில் மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார்கள். 2000-ல் சூரிச் நகரத்து பிரிகிட்டே ஷுர்க் குழுவினர், முதுகுத்தண்டு அடிபட்டவர்களின் சிறுநீர்ப்பைத் தசையில் அதை ஊசியாகப் போட்டு அடங்கவைத்ததை வெளியிட்டார்கள். 2013-ல் மற்ற அவசர வகை நோயாளிகளுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீங்கள் விளம்பரத்தில் பார்க்கும் போடாக்ஸ் இதுதான். சில மாதங்கள் பலன் இருக்கும், பிறகு மறுபடி போடவேண்டும். சிலருக்குப் பை மிகவும் தளர்ந்து, சிறிது காலம் குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்க நேரிடலாம்.

அந்தக் குழாய் பயமும் முன்போல் இல்லை. 1972-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜாக் லாபிடஸ், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு நோயாளியே மெல்லிய குழாயை வைத்து எடுத்துவிடலாம், கிருமி நீக்கிய அறையெல்லாம் தேவையில்லை என்று காட்டினார். பலர் அதிர்ந்தார்கள். பை அளவுக்கு மீறி நிறைந்து கிடப்பதே தொற்றுக்குப் பெரிய காரணம் என்பது அவர் வாதம். அது நின்றது. முதுகுத்தண்டு பாதித்தவர்களும் குழந்தைகளும் அதனால் பள்ளிக்கும் வேலைக்கும் போனார்கள்.

நரம்பு வழியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் எமில் டனாகோவும் ரிச்சர்ட் ஷ்மிட்டும், முதுகின் அடியில் உள்ள நரம்புக்கு மின்துடிப்புக் கொடுத்துப் பையைச் சீராக்கும் முறையை உருவாக்கினார்கள். 1997-ல் அனுமதி பெற்ற அந்தக் கருவி, இதயத்துக்கு வைக்கும் பேஸ்மேக்கர் போன்றது. கணுக்காலுக்கு மேலே மெல்லிய ஊசி வைத்து வாரம் ஒரு முறை 30 நிமிடம், 12 வாரம் செய்யும் எளிய முறையும் இருக்கிறது. புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கசிவு நிற்காத ஆண்களுக்கு, ஹூஸ்டனில் பிரான்ட்லி ஸ்காட் 1970-களில் உருவாக்கிய செயற்கை அடைப்பான் இருக்கிறது. சித்தப்பாக்களே, பெரியப்பாக்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். அதற்கு முன் உங்களுக்கும் அதே இடுப்புத் தசைப் பயிற்சிதான் முதல் படி.

இத்தனையும் படித்தபின் என்ன செய்வது? முதலில் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. அதை எடுத்துக்கொண்டு மகளிர் மருத்துவரிடமோ யூராலஜி மருத்துவரிடமோ போங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்வார்கள். எடுக்கும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் காட்டுங்கள், சிலவற்றில் நீர் பிரிக்கும் மருந்து இருக்கும். மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள். காபி, டீயைக் குறைத்துப் பாருங்கள். தண்ணீரை அறவே நிறுத்தாதீர்கள், சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடும். உடல் எடை அதிகமென்றால் குறையுங்கள். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடையில் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்குக் கசிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோடு எரிச்சல் இருந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கால் மரத்துத் திடீரென்று கசிய ஆரம்பித்தாலோ நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பயிற்சியைக் கற்றுக்கொள்ள ஒரு பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள். எந்தத் தசை என்று ஒரு குறிப்பு: நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அந்தத் தசை. வயிறும் தொடையும் அசையக்கூடாது, மூச்சைப் பிடிக்கக்கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவேண்டாம்.

ஹென்ஹெனிட் யாரிடம் சொன்னாளோ தெரியாது. அனார்ச்சா சொல்லியிருந்தாலும் கேட்பாரில்லை. அடிஸ் அபாபாவுக்கு நடந்து வந்த பெண்கள் சொன்னதைக் கேட்க இரண்டு பேர் இருந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். வலை வைத்த பெண்கள் சொன்னதைக் கேட்க ஆள் வருவதற்குள் பல ஆண்டுகள் வீணாயின. உங்கள் அம்மாவோ மாமியாரோ இனி "முட்டி வலி, நீங்க போயிட்டு வாங்க" என்றால், தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். மகள்கள் கேட்டால் சொல்வார்கள். மருமகள்கள் கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவார்கள். மகன்களும் கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

கருத்துப் பகுதியில் எழுதக் கூச்சமாக இருந்தால் தனிச்செய்தியில் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். பாட்டிகளுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

நலமுடன் இருங்கள்.